‘இழுக்கலாம்’ என்று சொல்லப் போகிறவனுக்கு

விமான டிக்கெட்டின் படத்தை அனுப்பியிருந்தாய். அதன் கீழேயே, பட்டு வேட்டிக்கு எந்தக் கரை எடுப்பாக இருக்கும் என்று கேட்டுச் சில படங்கள். அதற்கும் கீழே, தேர் புறப்படும்போது மேலிருந்து படம் பிடிக்க டிரோன் வைத்திருக்கும் ஆள் யாராவது திண்டிவனத்தில் கிடைப்பாரா என்று ஒரு கேள்வி. உன்னோடு வேலை பார்க்கும் ஆங்கிலேய நண்பனும் கூட வருகிறானாம். ‘நண்பனுக்கு முடிசூட்டுகிறார்கள், பார்க்கப் போகிறேன்’ என்று அலுவலகத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறானாம். சிரிக்கிற முகம் ஒன்றையும் சேர்த்து அனுப்பியிருந்தாய். நான் எதற்கும் பதில் எழுதவில்லை. அம்மாவுக்குத் தேர்வுத்தாள் திருத்துகிற வேலை என்று நினைத்திருப்பாய். கோபத்தில் இருந்தேன். கொஞ்சம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று பார்த்தேன். ஆறவில்லை.

இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் அச்சில் வரும்படி கொடுத்திருக்கிறேன். அதற்காக நீ வருத்தப்படுவாய். உன் குரலைத் திண்டிவனத்தில் ஒரு அறை நிறைய மனிதர்களுக்கு நடுவில் போட்டுக் காட்டினார்கள். என் பதில் மட்டும் ஏன் இரண்டு பேருக்குள் இருக்க வேண்டும்? நம் ஊர்ப் பெயரை எழுதவில்லை. உன் பெயரையும் எழுதவில்லை. மற்றவர்களுக்கு வேறு பெயர் வைத்திருக்கிறேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் தங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுப் படித்துக்கொள்ளலாம், பெரும்பாலும் பொருந்தும்.

மற்றவர்களும் படிக்கப் போவதால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் அம்மன் கோயில் தேருக்கு ஒரு வழக்கம் உண்டு. வடம் பிடிக்க ஆள் தயாராக நிற்கும், மேளம் முழங்கும், பூசாரி கற்பூரம் காட்டி முடித்திருப்பார். ஆனாலும் தேர் நகராது. உன் அப்பாவின் குடும்பத்தில் மூத்த மகன் வழியில் வரும் ஆண் ஒருவர் தலையில் பரிவட்டம் கட்டிக்கொண்டு, சக்கரத்துக்கு முன்னால் தேங்காய் உடைத்து, ‘இழுக்கலாம்’ என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்தான் அவர் வேலை. கோயில் கணக்கு அவரிடம் இல்லை, நகை அவரிடம் இல்லை, விழாக் குழுவில்கூட அவர் இல்லை. எல்லாவற்றையும் ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துவிடுவார்கள். இவர் வந்து நின்று அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு, முதல் மரியாதை வாங்கிக்கொண்டு போய்விடுவார். உன் தாத்தா சொன்னார். பிறகு உன் அப்பா சொன்னார். அவர் போன துக்கத்தில் சென்ற ஆண்டு தேர் ஓடவில்லை. இந்த ஆடிக்கு நீ சொல்ல வேண்டும் என்று உன் சித்தப்பா அழைத்தார், நீயும் ஒத்துக்கொண்டாய்.

தேர் எங்கெல்லாம் போகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊரின் நாலு தெருவையும் சுற்றி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, வாய்க்கால் மதகு வரைக்கும் வரும். அங்கே திரும்பிவிடும். மதகுக்கு அந்தப் பக்கம் காலனி. காலனிக்காரர்கள் தேங்காய் பழத்தோடு மதகில் வந்து நின்று, தேரின் முதுகைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். நான் கல்யாணமாகி வந்த புதிதில் ஏன் இப்படி என்று கேட்டேன். வழி குறுகல் என்றார்கள். பிறகு அகலமாகச் சிமென்ட் சாலை போட்டார்கள். மின்கம்பி குறுக்கே போகிறது என்றார்கள். கம்பியை உயர்த்திக் கட்டினார்கள். மதகு பாரம் தாங்காது என்றார்கள். இப்போது அதன்மேல் நெல் அறுக்கும் இயந்திரம் போகிறது, செங்கல் லாரி போகிறது. கடைசியாக மிஞ்சியிருப்பது வழக்கம் என்ற சொல் ஒன்றுதான். அது மட்டும் எந்தப் பாரத்தையும் தாங்குகிறது.

இந்த ஆண்டு காலனியில் முறைப்படி கேட்டார்கள், தேர் எங்கள் தெருவுக்கும் வர வேண்டும் என்று. கேட்டவர்களில் முன்னால் நின்றவர் ஏழுமலை. கட்டடங்களில் சென்ட்ரிங் வேலை பார்க்கிறவர். அவர் மகள் சந்தியா விழுப்புரத்தில் கல்லூரியில் என்னிடம் முதலாண்டு ஆங்கிலம் படிக்கிறாள். அவர்கள் அதிகாரிகளிடம் போவதற்கு முன்னால் உனக்குத்தான் போன் செய்தார்கள். அது உனக்கு நினைவிருக்கும் என்று நம்புகிறேன். படித்த பையன், வெளிநாட்டில் இருக்கிற பையன், அவன் ஒரு வார்த்தை சொன்னால் சண்டை இல்லாமல் முடிந்துவிடும் என்று நினைத்திருக்கிறார்கள். அவர்கள் செய்த தவறு அது ஒன்றுதான்.

சமாதானக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். பரம்பரைக் குடும்பத்திலிருந்து ஒருவர் இருக்க வேண்டும் என்று அதிகாரி சொன்னாராம். கைம்பெண் பரிவட்டத்தின் பக்கத்தில் நிற்கக் கூடாது, நாற்காலியில் உட்காரலாம் போலிருக்கிறது. கல்லூரியில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பேருந்தில் திண்டிவனம் தாலுகா அலுவலகத்துக்குப் போனேன். மேசையின் ஒரு பக்கம் உன் சித்தப்பாவும் ஊர்க்காரர்களும், மறுபக்கம் ஏழுமலையும் இன்னும் சிலரும். நடுவில் தண்ணீர் பாட்டிலும் காராசேவும். அதிகாரி களைத்திருந்தார். “சரி, முறைப்படி தேரை எடுக்கச் சொல்றது யாரு? அவர் என்ன சொல்றாரு?” என்று கேட்டார்.

“எங்க அண்ணன் புள்ள சார். லண்டன்ல கீறான். இந்த வருசம் அவன்தான்” என்று சொன்ன உன் சித்தப்பா, போனை எடுத்து மேசைமேல் வைத்து, நீ அனுப்பியிருந்த குரல்பதிவைப் போட்டு, சத்தத்தைக் கூட்டினார். உன் குரல் வந்தது. நல்ல தெளிவான குரல், என் அப்பாவின் குரல் மாதிரியே இருக்கும், அதனால் எனக்கு எப்போதும் பிடிக்கும். “சித்தப்பா, எனக்கு இதுல எந்த அப்ஜெக்‌ஷனும் இல்ல. எப்பவும் எப்படிப் போவுதோ அப்படியே போவட்டும். நான் சும்மா வந்து நிக்கப் போறேன், அவ்ளோதான். ஊரு என்ன முடிவு பண்ணுதோ அதுக்கு நான் ஓகே.”

“அப்புறம் என்னங்க, பரம்பரைக்காரரே சொல்லிட்டாரு” என்றார் அதிகாரி.

ஏழுமலை எழுந்து நின்றார். அவர் கோபப்படவில்லை, அதுதான் என்னால் பார்க்க முடியாததாக இருந்தது. குழப்பத்தில் இருந்தார். “சார், அந்தத் தம்பி எங்களாண்ட பேசச்சொல்ல வேற மாரி சொல்லிச்சே சார். ‘நிச்சயமா வரணும்ணே, இந்தக் காலத்துல இப்டி இருக்கக் கூடாது, நான் பேசறேன்’னு சொல்லிச்சு. போன வாரம்தான் சார்.”

“ரெக்கார்டு கீதா?” என்றார் உன் சித்தப்பா.

“நம்பிப் பேசறத எவன்யா ரெக்கார்டு பண்ணிக்கினு இருப்பான்?” என்றார் ஏழுமலை.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நீ யாரிடம் எதைச் சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்றேன். இந்த ஆண்டு பழைய வழியிலேயே போகட்டும், பரம்பரைக்காரர் நேரில் வந்து வேறு ஏதாவது சொன்னால் மறுபடி பேசிக்கொள்ளலாம் என்று அதிகாரி முடித்தார். வெளியே டீக்கடையில் ஏழுமலை எனக்கும் சேர்த்து டீ சொல்லிவிட்டு, “நீங்க இன்னாம்மா பண்ணுவீங்க, வுடுங்க. தம்பி அங்க எந்த மூடுல இருந்துச்சோ” என்றார். உனக்காக அவர் சமாதானம் சொன்னார். அந்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை.

அன்று மாலையே உன்னை அழைத்துக் கேட்டேன். நீ மறுக்கவில்லை. அவ்வளவில் சந்தோஷம். ‘ரெண்டு பேருமே நம்ம ஆளுங்கதானேம்மா, யாரையும் ஹர்ட் பண்ண வேணாம்னு பார்த்தேன்’ என்றாய். மறுநாள் ஆங்கிலத்தில் ஒரு நீண்ட செய்தி அனுப்பினாய். அதை வகுப்பில் கொடுத்தால் பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சியாக இருக்கும். ‘வுட்’ எத்தனை, ‘குட்’ எத்தனை, ‘மைட்’ எத்தனை! நீ விரும்பக்கூடும், அவர்கள் புரிந்துகொள்ளக்கூடும், வருங்காலத்தில் ஒருவேளை நடக்கவும் கூடும். இத்தனை துணைவினைகளை உனக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன், எட்டாம் வகுப்பு விடுமுறையில், சமையலறை மேசையில். பணிவாகப் பேசுவதற்கு இவை உதவும் என்று சொன்னேன். பின்னால் ஒளிந்துகொள்ளவும் உதவும் என்று நான் சொல்லித்தரவில்லை, அதை நீயாகவே கற்றுக்கொண்டிருக்கிறாய்.

அந்தச் செய்தியின் முடிவில்தான் இங்கிலாந்து ராஜாவைக் கொண்டுவந்தாய். ‘நான் இங்கே இருக்கிற ராஜா மாதிரி அம்மா. அவருக்கு அதிகாரம் கிடையாது, அடையாளம் மட்டும்தான். எந்தப் பக்கமும் பேசக் கூடாது. அவர் நடுநிலையாக இருப்பதால்தான் எல்லாருக்கும் பொதுவாக இருக்கிறார்.’ எனக்கு எந்த ராஜாவிடமும் அபிமானம் இல்லை. எந்த வீட்டில் பிறந்தான் என்று பார்த்துக் கொடுக்கிற பதவி எதையும் நான் மதித்ததில்லை, அது பெரிய அரண்மனையானாலும் சரி, நம் ஊர்த் தேரடியானாலும் சரி. அம்மனோடும் எனக்கு அதிகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் உதாரணத்தை நீ எடுத்தாய். எடுத்தவன் அதை ஒழுங்காகப் படித்திருக்க வேண்டும்.

எங்கள் முதலாண்டுப் பாடத்தில் அந்த ராஜாவைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. அரசியல் சட்டத்துக்கு உட்பட்ட மன்னர் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது, என்ன செய்தாக வேண்டும். கீழே கோடிட்ட இடங்களை ‘கேன்’, ‘மே’, ‘மஸ்ட்’, ‘ஷுட்’ போட்டு நிரப்ப வேண்டும். நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் அவர் கையெழுத்துப் போட்டாக வேண்டும். தேர்தலில் கட்சி சேரக் கூடாது. பிரதமரைச் சந்தித்துப் பேசலாம். பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் ‘கேன்’ போட்டு வைத்திருந்தார்கள். “அப்ப நம்ம கவர்னர் மாதிரியா மேடம்?” என்று ஒருவன் கேட்டான். வகுப்பே சிரித்தது. கோடிட்ட இடத்தை மட்டும் நிரப்பு என்றேன். அப்போது சந்தியா எழுந்தாள்.

“கையெழுத்து போட மாட்டேன்னு ராஜா சொல்லிட்டா இன்னா மேடம் ஆவும்?”

“சொல்ல மாட்டார். பல நூறு வருஷமா யாரும் சொன்னதில்லை.”

“ஏன் மேடம், கை வலிக்குமா?”

“அது வெறும் சம்பிரதாயம்மா.”

“வெறும் சம்பிரதாயம்னா ரப்பர் ஸ்டாம்பு வாங்கி வச்சிக்கினு குத்திக்கலாமே மேடம். ஆள எதுக்கு மேடம் தேடறாங்க?”

மணி அடித்துவிட்டது. அடுத்த வகுப்பில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வகுப்பில் அதை நான் எடுக்கவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை. அப்போதே அவர்கள் வீட்டில் தேரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலை உனக்குச் சொல்கிறேன். ஆளைத் தேடுகிறார்கள் என்றால், அந்த ஆள் சொல்கிற சொல்லுக்கு ஏதோ எடை இருக்கிறது. பாடத்திலேயே இருக்கிறது, ஆனால் தேர்வில் கேட்க மாட்டார்கள் என்று எல்லாரும் தாண்டிப் போகிற வரி: அந்த மன்னருக்குச் சட்டத்தைத் தடுக்க வழி இல்லாவிட்டாலும், தன்னிடம் கலந்து பேசச் சொல்லிக் கேட்க உரிமை உண்டு. நல்லது என்று பட்டால் ஊக்கம் கொடுக்க உரிமை உண்டு. ஆபத்து என்று பட்டால், கதவைச் சாத்திக்கொண்டு, எச்சரிக்க உரிமை உண்டு. அதன் பிறகுதான் கையெழுத்து. வாரம் தவறாமல் பிரதமர் அவர் எதிரில் வந்து உட்கார்வது பலகாரம் சாப்பிடுவதற்கு இல்லை. நீ உன் சித்தப்பாவிடம் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னாயா? ‘இது சரியில்லை சித்தப்பா, யோசிங்க’ என்ற அந்த ஒரு வார்த்தை? அந்த ராஜாவுக்கு அவர் படிக்கிற உரையை அமைச்சர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள், தனக்குப் பிடிக்காததையும் முகம் சுளிக்காமல் படித்தாக வேண்டும். உனக்கு யார் எழுதிக் கொடுத்தது? நீயாகத்தானே பேசினாய், ஏழுமலைக்கு ஒன்று, சித்தப்பாவுக்கு ஒன்று. அந்த ராஜா இப்படிச் செய்திருந்தால் உன் நண்பனே அவரைச் சும்மா விட்டிருக்க மாட்டான். நடுநிலை என்பது இரண்டு கட்சிகளுக்கு நடுவில் நிற்பது. தெருவுக்குள் இருப்பவனுக்கும் தெருவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவனுக்கும் நடுவில் நிற்கிறேன் என்று ஒருவன் சொன்னால், அவன் நிற்கிற இடம் எப்போதும் தெருவுக்குள்தான் இருக்கிறது.

அதிகாரம் இல்லை என்கிறாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஏனென்றால் அது பொய் என்று உனக்குத் தெரியும். நீ கண்ணால் பார்த்திருக்கிறாய். நீ பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு தேர் நாள். முதல் நாள் இரவு பெரிய மழை. தெற்குத் தெரு முனையில் மின்கம்பி தொய்ந்து தாழ்வாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தேருக்கு அந்த வருஷம் சீரியல் விளக்கெல்லாம் கட்டி உயரமாக அலங்கரித்திருந்தார்கள். உன் அப்பாவுக்குப் பரிவட்டம் கட்டினார்கள். தேங்காய் உடைத்தார். பிறகு அந்தச் சொல்லைச் சொல்லாமல் நின்றார். “லைன்மேன் வந்து கரண்ட்ட நிறுத்தட்டும். அதுவரைக்கும் நான் சொல்ல மாட்டேன்.”

வடம் பிடித்தவர்கள் கத்தினார்கள். “சாமி காரியத்துல இன்னாப்பா பேஜாரு பண்ற?” “நல்ல நேரம் போவுது, ஜல்தியா சொல்லுப்பா!” “இவுரு பெரிய இன்ஜினியரு, கம்பியப் பார்த்துக்கினு நிக்கிறாரு!” உன் தாத்தாவின் தம்பி வந்து காதில் ஏதோ சொல்லி மிரட்டினார். அப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றார். வெயில் ஏறியது. குழந்தைகள் அழுதன. மேளக்காரர்கள் மேளத்தைக் கீழே வைத்துவிட்டு மோர் குடிக்கப் போனார்கள். ஆனால் யாரும் வடத்தை இழுக்கவில்லை. அத்தனை ஆம்பிளைகள், அத்தனை வீம்பு, கையில் வடம், வாயில் வசவு. ஒருவன்கூட இழுக்கவில்லை! நீ பள்ளிக்கூட மதில்மேல் உட்கார்ந்து அவித்த மல்லாட்டையை, அந்த வேர்க்கடலையை, தோடு உடைத்துத் தின்றுகொண்டே பார்த்தாய். லைன்மேன் சைக்கிளில் வந்து சேர்ந்து கையை அசைத்த பிறகுதான் அப்பா ‘இழுக்கலாம்’ என்றார். அந்தச் சொல்லுக்குத் தேர் எப்படி நகர்ந்தது என்று நினைவிருக்கிறதா? அன்று வீட்டுக்கு வந்து நீ கேட்டாய், “நீ சொல்லலன்னா தேர் போவவே போவாதாப்பா?” என்று. “போவாதுடா” என்று சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை நீ ஒரு மாதம் சுமந்துகொண்டு திரிந்தாய். பள்ளியில் எல்லாரிடமும் சொன்னாய்.

உனக்குத் தெரியாதது அதற்குப் பிறகு நடந்தது. நான் அவரிடம் கேட்டேன், “கம்பிக்காக நிறுத்தின தேரை, மதகுல திருப்பும்போது ஏன் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது?” என்று. அவர் சட்டையை மாட்டிக்கொண்டே, “அது ஊர் விஷயம். நான் சும்மா துணி கட்டிக்கினு நிக்கிறவன்” என்றார். “அப்போ கம்பிக்கு மட்டும்தான் ராஜாவா?” என்று கேட்டுவிட்டேன். அதன்பிறகு சில நாள் எங்களுக்குள் பேச்சு இல்லை. அவர் கெட்டவர் இல்லை. யாருக்கும் உயிர்ச்சேதம் ஆகிவிடக் கூடாது என்று அத்தனை பேரையும் எதிர்த்து நின்றவர். ஆனால் எது ஆபத்து என்று பார்ப்பதில் அவருக்கு ஒரு எல்லை இருந்தது, அந்த எல்லை மதகில் இருந்தது. இறந்தவரைப் பற்றிப் பொதுவில் இப்படி எழுதலாமா என்று உன் சித்தி கேட்பாள். அவர் உயிரோடு இருந்தபோது அவர் முகத்துக்கு நேராகவே சொன்னதைத்தான் எழுதுகிறேன். அவர் குறைந்தபட்சம் யாருக்கும் இரண்டு வாக்குக் கொடுக்கவில்லை. காலனிக்காரர்கள் அவரிடம் எதையும் எதிர்பார்க்காதபடி பார்த்துக்கொண்டார். உன்னிடம் எதிர்பார்த்தார்கள். எதிர்பார்க்க வைத்தது நீ.

நேற்று முன்தினம் சித்தப்பா விழுப்புரத்துக்கு வந்தார். அப்பாவின் பரிவட்டத் துணி நம் வீட்டுப் பீரோவில் இருக்கிறது, அது உனக்குத் தெரியும். விழாவுக்கு முன்னால் அதைச் சலவை செய்து கோயிலில் வைக்க வேண்டும், கொடுங்கள் என்றார்.

“அவன் வரட்டும். அவன் கையில் கொடுக்கிறேன்” என்றேன்.

“அண்ணி, நீங்க இன்னாத்துக்கு இதுல டென்சன் ஆவுறீங்க? பையனே ஓகே சொல்லிட்டான். நீங்க காலேஜில பாடம் எடுங்க, ஊர்ல எடுக்காதீங்க.”

“கேட்டால்தானே எடுக்க முடியும்.”

“துணிதானே, இன்னா பெரிய துணி! கடையில கெடைக்காத துணியா? புதுசா ஒன்னு வாங்கிக்கினு போறோம்.”

“வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லைச் சொல்கிற ஆளையும் அப்படியே கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.”

காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் ஏன் எழுந்து போனார் என்று நீ யோசித்துப் பார். அவர்களுக்கு உன்னைப் பிடிக்கும் என்பதற்காகக் கூப்பிடவில்லை. நீ சொல்லாமல் தேர் நகர்ந்தால், பிறகு எந்த வழக்கத்தை வைத்து மதகில் திருப்புவார்கள்? உன்னை மீறினால் அவர்களுடைய ஒரே நியாயமும் போய்விடும். அவர்கள் தேரை மதகோடு நிறுத்தி வைத்திருக்கிற வழக்கமும், உன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிற வழக்கமும் ஒன்றுதான். இது உன் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது, சித்தப்பாவுக்குத் தெரிகிறது, ஏழுமலைக்குத் தெரிந்துதான் உனக்குப் போன் செய்தார். உனக்குத்தான் தெரியவில்லை, அல்லது தெரியாத மாதிரி இருப்பது உனக்கு வசதியாக இருக்கிறது.

நீ என்ன செய்தாக வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. உனக்கு இருபத்தாறு வயது. நான் சொல்லிச் செய்தால் அதுவும் யாரோ எழுதிக் கொடுத்த உரை. வராமல் இருக்கலாம். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, அங்கேயே ஒரு நாள் உன் ராஜா வண்டியில் போவதைக் கூட்டத்தோடு நின்று கையசைத்துப் பார்க்கலாம், அதில் யாருக்கும் கெடுதல் இல்லை. வந்தால், விமானத்திலிருந்து இறங்கி முதலில் ஏழுமலை வீட்டுக்குப் போய், அவர் மகளும் கேட்கும்படி, நீ இரண்டு விதமாகப் பேசினதை ஒப்புக்கொள்ளலாம். பிறகு சித்தப்பாவோடு கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம். அதுவும் பலிக்கவில்லை என்றால், பரிவட்டம் கட்டி, தேங்காய் உடைத்து, எல்லாரும் உன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, அந்தச் சொல்லைச் சொல்வதற்கு முன்னால், ‘தேர் எந்தத் தெரு வரைக்கும் போகிறது?’ என்று சத்தமாக ஒரு கேள்வி கேட்கலாம். பதில் வரும்வரை நிற்கலாம். வெயில் ஏறும். திட்டுவார்கள். உன் ஆங்கிலேய நண்பனுக்கு ஒன்றும் புரியாது. கலவரம் ஆகுமே என்று நீ பயப்படலாம், அந்தப் பயம் நியாயமானது, அதற்குத்தான் போலீஸ் நிற்கும். உன்னால் இதெல்லாம் முடியுமா என்று எனக்குத் தெரியாது. முடியாது என்று மட்டும் என்னிடம் சொல்லாதே. ஒரு மனிதன் ஒரு கம்பிக்காக அதைச் செய்ததை மல்லாட்டை தின்றுகொண்டே பார்த்தவன் நீ.

துணியைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். தேருக்கு முன்னால் விழுப்புரம் வந்து வாங்கிக்கொள். டிரோன்காரனை நான் தேடவில்லை.

தேர் நாளன்று நான் ஊரில் இருப்பேன், ஆனால் கோயில் வாசலில் இருக்க மாட்டேன். அன்று காலனியில் உங்கள் வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் உட்காரலாமா என்று சந்தியாவின் அம்மாவிடம் போனில் கேட்டேன். “உக்காருங்க மேடம், நாற்காலிக்கு இன்னா. ஆனா நாங்க கூழ் ஊத்திக்கினு இருப்போம், உங்களக் கவனிச்சிக்கினு இருக்க முடியாது” என்றார். கவனிக்க வேண்டாம் என்றேன். மதகிலிருந்து அந்த வீடு கூப்பிடு தூரம். தேரடியில் நீ என்ன சொல்கிறாய் என்பது அங்கே கேட்காது. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துத் திருப்புகிற சத்தம் கேட்கும். அது மதகைத் தாண்டி வருகிறதா, திரும்பிப் போகிறதா என்பது உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்துவிடும்.

அம்மா